நாற்பது நாள் வீட்டில்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அறுபது வயது மதிக்கத்தக்க லாரிக்காரர். மற்றவர் லாரிக்கு பாடி கட்டுகிறவர், வயதில் இளையவர். திருவண்ணாமலை ஊர் எல்லை தாண்டியதும் லாரிக்காரர் கொஞ்சம் உரக்கவே கேட்டார்.

"நாப்பது நாளு நான் வீட்ல இருக்கணுமா?"

"புது பாடின்னா அவ்ளோ ஆகும்ணே. பின்னாடி தகடெல்லாம் துரு. கை வெச்சாலே ஓட்டை உழுது."

"ஒட்டு போட்டா?"

"மூணு நாள்ல குடுத்துடுவேன். ஆனா அடுத்த மழைக்குத் தாங்காது."

"பரவால்ல, ஒட்டே போடு."

"காசு எதுனா கம்மியா இருக்காண்ணே?"

"அதெல்லாம் இருக்குப்பா. உங்க அண்ணி போய்ச் சேந்ததுல இருந்து நான் வண்டியிலதான் படுக்கிறேன். வீட்டுக்குப் போறது துணி மாத்தத்தான். பத்து நிமிஷம் உக்கார முடியல."

பாடி கட்டுகிறவர் கம்பியைப் பிடித்தபடி அவர் பக்கம் சாய்ந்தார்.

"கேபின் நல்லாத்தாண்ணே இருக்கு, அதுல நான் கை வெக்கப் போறதில்ல. பின்னாடி மட்டுந்தான் பிரிக்கிறேன். வண்டி பட்டறையிலதான நிக்கும்? நீங்க எப்பவும் போல கேபின்லயே படுத்துக்கோங்க. எங்ககூடவே சாப்டுங்க."

லாரிக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணுண்ணே, சத்தம் ஜாஸ்தியா இருக்கும். காலையில எட்டு மணிக்கே ஆளுங்க வந்து தட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

"அப்போ புதுசே கட்டிடுப்பா," என்றார் லாரிக்காரர். "ஆறு மணிக்கே வரச் சொல்லேன்."