லிடியாவின் ஓக் மரமும் கிழக்கு வாசலும்

இந்தக் கூட்டத்தை நடத்தும் மதிப்பிற்குரிய அமோஸ் டில்வின் அவர்களே! பிலடெல்பியா மக்களுக்கு இந்தத் தோட்டத்தைத் தந்த மெரிவெல் குடும்பத்தின் மூத்தவர் ஹல்டா அம்மையார் அவர்களே! கிழக்கு வாசலுக்கு அப்பால் வாழும் என் தெருத் தாய்மார்களே, பெரியவர்களே! நடுவரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் அம்மாவே!

மௌனமாகக் கூடி வழிபடும் குவேக்கர் சபையினரான உங்களுக்குப் பட்டம் சூட்டி அழைப்பது பிடிக்காது. பெயர் மட்டும் போதும் என்பீர்கள். ஆனால் எங்கள் தெருவில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லி அழைத்தால் அன்று இரவு சாப்பாடு கிடையாது! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதற்குமேல் என் பேச்சில் சிரிக்க அதிகம் இல்லை.

என்ன, ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் ஓப்பல்? அது நடுங்குகிறதா? நடுங்குவது அதுவல்ல, நான்தான்.

"வாயைத் திறக்காதடி ரெனி. உன் ஸ்கூல் ஃபீஸ் மெரிவெல் குடும்பம்தான் கட்டுது" என்று அம்மா சொன்னார். அவருக்குத் தெரியாமல் போர்வைக்குள் ஒளிந்து இதை எழுதினேன். நான் ரெனிட்டா காஸ்கின்ஸ். ஆகஸ்ட் மாதம் லிடியாவின் ஓக் மரக்கிளை விழுந்து இறந்த டெஸ்மண்டின் தங்கை.

மெரிவெல் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மரம் நடுவார்கள். ஹல்டா அம்மையாரின் தங்கை லிடியாவுக்கும் கிழக்கு வாசல் பாதையோரம் ஓர் ஓக் நட்டார்கள். அம்மையார் வளர்ந்தார், ஓக் மரமும் வளர்ந்தது, லிடியா மட்டும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டாள்.

மரம் உள்ளே உளுத்துவிட்டது, வெட்டிவிடுங்கள் என்று பரிசோதிக்க வந்தவர் வசந்தத்தில் சொன்னார். தோட்டத்தை நிர்வகிக்கும் நீங்கள் இதே அறையில் கூடினீர்கள். இங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் முடிவு தள்ளிப்போகும். ஹல்டா அம்மையார் எழுந்தார். "என்னால முடியல. அவ இன்னொரு தடவை சாகறத நான் பாக்கமாட்டேன்" என்றார். அந்தக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?

என் அண்ணன் சொன்னான். பேக்கரி மாவு சட்டையில் அப்படியே இருக்க, எழுந்து நின்றான். "உங்க தங்கச்சிய நெனச்சா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா தெனமும் அந்த மரத்தடியில நடக்கறது நாங்கதானே?"

"நன்றி டெஸ்மண்ட். இதக் கொஞ்சம் மௌனத்துல வச்சுப் பாப்போமே" என்றார் அமோஸ் அவர்கள்.

வைத்தீர்கள். கண்மூடி, கைகோத்து, கனிவோடு மௌனத்தில் வைத்தீர்கள். அடுத்த மாதம் என்றீர்கள். அடுத்த மாதமும் அடுத்த மாதம் என்றீர்கள்.

வீடு திரும்பும்போது அண்ணன் சிரித்தான். "சண்டைக்கு வந்திருந்தாக்கூட ஜெயிச்சிருப்பேன் ரெனி. இப்படி அமைதியா உக்காந்திருந்தா யாரை ஜெயிக்கறது?"

காற்றே இல்லாத ஒரு பிற்பகலில் அந்தக் கிளை விழுந்தது. எனக்காக அவன் வாங்கி வந்த ப்ரெட்ஸெல் ரொட்டி காகிதப் பைக்குள் அப்போதும் சூடாக இருந்தது.

அந்த வாரமே மரத்தை வெட்டிவிட்டீர்கள். அப்போது மட்டும் எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை!

இன்று கேட்கிறீர்கள்: பாதுகாப்புக்காகக் கிழக்கு வாசலைப் பூட்டிவிடலாமா? யாருடைய பாதுகாப்புக்காக? உளுத்தது கிளையா, எங்கள் காலடியா? விழுந்தது மரமா, வாசலா? கார்கள் வரும் மேற்கு வாசல் திறந்திருக்கும். கால்கள் வரும் கிழக்கு வாசல் மூடிக்கொள்ளுமா?

உங்களில் யாரும் கெட்டவர் இல்லை. யாரும் குரல் உயர்த்தவில்லை, யாரும் எங்களை வெறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்லவர்கள் கூடி, நல்ல மௌனம் காத்து, ஓர் உயிரைப் போகவிட்டார்கள். அதே மௌனத்தில் இன்று ஒரு வாசலும் போகப் போகிறது.

வெட்டிய அடிமரத்தருகே போன வாரம் ஹல்டா அம்மையாரைப் பார்த்தேன். "உங்க அண்ணன் பேர்ல ஒரு மரக்கன்னு நடட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. கிழக்கு வாசல் தெறந்திருந்தா போதும். அவன் அது வழியாத்தான் வருவான்" என்றேன்.

வருவான் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மையார் வெகுநேரம் அடிமரத்தின் மேல் கைவைத்தபடி நின்றார்.

இன்னும் சற்று நேரத்தில் அமோஸ் அவர்கள், எல்லோரும் ஒருமனமா என்று கேட்பார். என் அண்ணன் அன்று கேட்டது கேள்வி. மௌனம் அதை விழுங்கிவிட்டது. நான் இன்று சொல்வது மறுப்பு. எனக்குச் சம்மதமில்லை! என் பள்ளிக்கூடமே போனாலும் சம்மதமில்லை!

அங்கே என்ன முணுமுணுப்பு? நான் சபை உறுப்பினர் இல்லை என்கிறீர்களா? என் மறுப்பு செல்லாதா? சரி. செல்லுபடியாகும் மறுப்பு இந்த அறையில் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஹல்டா அம்மையாரே, இறந்த தங்கைக்காக இந்தச் சபையையே தனியாக நிறுத்தியவர் நீங்கள். இறந்த என் அண்ணனுக்காக இன்னொரு முறை நிறுத்துவீர்களா?

பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. என்னை மன்னிக்கப்போகும் அம்மாவுக்கும் நன்றி. கூட்டம் முடிந்ததும் அருகிலிருப்பவர் கையைப் பற்றுவது இங்கே வழக்கம். என் கையை இப்போதே நீட்டுகிறேன், ஹல்டா அம்மையாரே. நீங்கள் எழுந்து வரும்வரை இதை மடக்கமாட்டேன்.

கிழக்கு வாசலின் சார்பில் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.