பன்னிரண்டில் பத்து கூமுட்டை

முட்டை வாங்க வருகிறவர்களை நான் வாசலில் நிறுத்தி வைப்பதில்லை. உள்ளே கூப்பிட்டு, உட்காரக் கதிரை போட்டு, குடிக்கப் பிளேன்டி கொடுத்துத்தான் அனுப்புவேன். கட்டுகஸ்தோட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், செயலாளர் ஐயா.

எழுதுவினைஞர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கழுத்துமொட்டைக் கோழி வளர்க்கத் தொடங்கினேன். நம் கோழி வளர்ப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் யாராவது, "அசல் ஊர்க்கோழிக்கு நம்பிக்கையான ஆள் யார்?" என்று கேட்டால், ஒன்பது வருடமாக வந்த பதில் ஒன்றுதான்: நிரஞ்சனி மிஸ்.

அக்குறணையில் கடை வைத்திருக்கும் மஹ்மூத் ஒருநாள் என் கோழி ஒன்றைத் தூக்கி, தொண்டையில் இருந்த சின்ன இறகுக் கொத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"அக்கா, கோவிக்க வாணாம். இந்தக் கொத்து இரிக்கிதே, இது கலப்பு. நாவலப்பிட்டிப் பக்கம் தோட்டத்தில பாப்பம்மான்னு ஒரு ஆள் இரிக்கிறா. அவட கோழிக்குக் கழுத்து சுத்தம். அதுதான் அசல் ஜாதி."

நான் கோபிக்கவில்லை. இன்னொரு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு மாதத்துக்குள் குழுவில் பதில் மாறிவிட்டது. யார் கேட்டாலும் பாப்பம்மா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், குழுவில்கூட இல்லை. நானே போய்ப் பார்த்தேன். மஹ்மூத் சொன்னது சரிதான். அவளுடைய கோழிகளுக்குக் கழுத்தில் ஓர் இறகுகூட இல்லை.

மாத்தளையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வருகிறவர்களுக்கு அவள் வீடு தூரம். ஆகவே உதவி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் முட்டைகளை என் வீட்டில் கொண்டுவந்து வைப்பாள். வாங்குகிறவர்கள் வாரநாட்களில் வந்து எடுத்துப் போவார்கள். இடையில் ஒவ்வொரு முட்டையாகக் கையில் எடுத்து, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குவேன். ஓடு உடையாது. வெளியில் ஒன்றும் தெரியாது. அடை வைத்தால் குஞ்சு மட்டும் வராது. பன்னிரண்டில் இரண்டைக் குலுக்காமல் விட்டுவிடுவேன். நான் கல்நெஞ்சுக்காரி அல்ல.

வாங்கியவர்கள் குறை சொல்லத் தொடங்கினார்கள். பாப்பம்மா எல்லோருக்கும் சும்மாவே வேறு முட்டை கொடுத்தாள். அவற்றையும் குலுக்கினேன்.

"என்னா மிஸ் இப்புடி ஆவுது?" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "நம்ம வூட்டுல அடை வெச்சா நல்லாத்தானே பொரிக்குது."

"சேவல்ல கோளாறு இருக்கும் பாப்பம்மா. ஒரே இரத்தம் சேர்ந்தா இப்படித்தான். இன்னைக்குப் பொரிச்சாலும் நாளைக்குப் பொரிக்காது."

சேவல்களை அறுத்தாள். பிறகு கோழிகளுக்கும் அதே இரத்தம்தானே என்றேன், அவற்றையும் அறுத்தாள். எனக்கும் ஒரு சட்டி கறி கொண்டுவந்தாள். நல்ல ருசி.

கடைசியில் ஒரு பெட்டையும் ஓர் இளஞ்சேவலும்தான் மிச்சம். கூடையோடு தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"இதுகள அறுக்க மனசு வரல மிஸ். ஒங்க கையில இருந்தா பொழச்சிக்கும்."

சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் அந்தப் பெட்டை பன்னிரண்டு முட்டைகளில் பதினொரு குஞ்சு பொரித்தது. எல்லாவற்றுக்கும் கழுத்து சுத்தம். மஹ்மூத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, முகம் மலர்ந்து சொன்னார்:

"மாஷா அல்லாஹ்! பாப்பம்மாட கோழியேதான்."

என் கூடு. என் தீனி. வாயில் வந்தது அவள் பெயர்.

அவரை வழியனுப்பிவிட்டு வாளியில் தண்ணீர் நிரப்பினேன். குஞ்சுகளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பெட்டைதான் கொஞ்சம் போராடியது. சேவலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மறந்து வைத்த குடையை எடுக்க மஹ்மூத் திரும்பி வந்தார். அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. முட்டை குலுக்கிய விஷயம் அவருக்குத் தெரியாது. அதை நானாகத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொறாமைப்படும்படி பாப்பம்மாவிடம் இப்போது என்ன இருக்கிறது?