கனிசியஸ் போட்ட ஓட்டை

…இல்லையண்ணை, நீங்களே சொல்லுங்கோ. பைப் பூட்டித் தா எண்டு ஒருத்தனைக் கூப்பிட்டால், அவன் பைப்பிலை ஓட்டை போட்டிட்டுப் போவானோ? ஓட்டை அண்ணை, ஓட்டை! புதுப் பைப்பிலை! ஐயோ, காலிலை தெறிச்சிட்டுதோ? உந்த பஸ் றைவர் றோட்டிலை ஒரு கிடங்கையும் விடான். பொறுங்கோ, வாளியை மடியிலை வைக்கிறன். உப்புத்தண்ணிதான், ஊத்தையில்லை. உள்ளுக்கை ஒரு உயிர் கிடக்கு.

மீன்தான். செம்மஞ்சளிலை வெள்ளைக் கோடு, பாருங்கோ… கறிக்கில்லையண்ணை! நான் ஆழ்வாப்பிள்ளை, புத்தூர், சுத்த சைவம். ஓம், சிரியுங்கோ, ஊரே சிரிச்சு முடிச்சிட்டுது. மீனை வாயிலை வைக்காதவன் கடலைப் பிளாஸ்ரிக் கான் கானாய்க் காவிக்கொண்டு வந்து வீட்டு ஹோலிலை வைச்சிருக்கிறானாம். வெங்காயத் தோட்டம் செய்யிறவனுக்கு ஏனுந்த வேலை? எனக்கே தெரியாது. குருநகரிலை கனிசியஸ் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலை கண்டன், விசர் பிடிச்சிட்டுது. அவன் கடல் தொழில், ஆனால் மோட்டர் பைப் வேலையிலை கைகாரன். என்ரை கிணத்து மோட்டரையும் அவன்தான் பாக்கிறவன். பத்து வருசச் சிநேகிதம்.

என்ரை வீட்டிலை அவன் என்ன செய்தவனெண்டால், மேசைக்கு மேலை தொட்டி. கீழை நிலத்திலை பாதியாய் அறுத்த பிளாஸ்ரிக் பரல், அதுக்கை மணலும் முருகைக்கல்லும். தொட்டித் தண்ணி ஒரு பைப்பாலை பரலுக்கை இறங்கி வடிபடும். சின்ன மோட்டர் அதை மற்றப் பைப்பாலை திருப்பித் தொட்டியின்ரை அடிக்கே கொண்டுபோய் விடும். நல்ல வேலை, குறை சொல்லேலாது. பிறகு போற நேரம், ஏத்திற பைப்பிலை, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலை, ஆணியைச் சுடவைச்சு ஒரு ஓட்டை! "அண்ணை, உதிலை கைவைச்சிடாதேங்கோ" எண்டவன். ஏனெண்டும் சொன்னவன்தான்… நான் கதைச்சுக்கொண்டு நிண்டனான். நான் கதைக்கேக்கை மற்றவன் சொல்லுறது எங்கை கேக்கும்?

அது இரவு பகலாய்ச் சூ… எண்டு கண்ணாடியிலை பீச்சுது. தோட்டக்காரன் அண்ணை நான்! வாய்க்காலிலை நண்டு துளைச்ச ஓட்டையாலை சொட்டுத் தண்ணி போனாலும் சேத்தை அள்ளிக்கொண்டு ஓடுற ஆள். மூண்டு நாள் பொறுத்தன். நாலாம் நாள் கை சொல்லுக் கேக்கேல்லை. சைக்கிள் ரியூப்பிலை ஒரு துண்டு வெட்டி, சொலூசன் பூசி, இறுக்கிக் கட்டிவிட்டன். என்ன திறம் வேலை! ஒரு சொட்டில்லை!

போன வெள்ளி நாங்கள் கோயிலுக்குப் போன நேரம் கரண்ட் நிண்டுபோச்சு. மோட்டர் நிண்டால் என்ன நடக்கும்? ஏறின பைப்பாலையே தண்ணி திரும்பி இறங்கத் துவங்கியிட்டுது. பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது, அந்த ஓட்டை திறந்து கிடந்திருந்தால் காத்துப் பூந்து இழுவை அறுந்திருக்கும், தண்ணி மேலையே நிண்டிருக்கும்… எங்கை? தொட்டி முழுக்கப் பரலுக்கை வந்து, பரல் வழிஞ்சு, ஹோலெல்லாம் கடல்! மனிசி இராசமலரின்ரை செத்தல் மிளகாய்ச் சாக்கு ரெண்டும் நனைஞ்சுபோச்சு. உப்பும் மிளகாயும் சேந்திட்டுது, தேசிக்காய்தான் பாக்கியெண்டன். அவ சிரிக்கேல்லை. நாலு மீனிலை மூண்டு தொட்டியடியிலை காய்ஞ்சு… அது பாக்கேலாதண்ணை.

நான் என்ன செய்தன்? மனிசியின்ரை வாய்க்குப் பயந்து, கனிசியஸ்தான் பிழையாய்ப் பூட்டினவன் எண்டிட்டன். அவ சந்தையிலை சொன்னா. சந்தை குருநகருக்குச் சொல்லிச்சுது. இப்ப அவனை ஒருத்தரும் பைப் வேலைக்குக் கூப்பிடினமில்லையாம். அவனோ, "ஆழ்வாப்பிள்ளையண்ணை சொன்னால் அப்பிடித்தானாக்கும்" எண்டவனாம். ஏசியிருந்தால் நான் நித்திரையெண்டாலும் கொள்ளுவன்.

அடியிலை தேங்கின துளித் தண்ணியிலை தப்பின இந்த மீன் ஒண்டுதான் மிச்சம். அவன்ரை தொட்டியிலை விட்டால் தப்பும். ஆனால் வாசல்லை நிண்டு, அடைச்சது நானெண்டு சொல்லவேணுமே… உங்களிட்டைச் சொல்ல நல்லாய்த்தான் வருகுது. நீங்களும் ஒருக்கால் கூட வந்தால்…

எங்கையண்ணை எழும்பிறியள்? இது இருபாலை! யாழ்ப்பாணம் ரவுணுக்கெல்லோ ரிக்கற் எடுத்தனியள்? அண்ணை… இறங்கியிட்டார்.

சரி மீனே, நீ கேள். கனிசியஸ், அந்த ஓட்டையை… கனிசியஸ், நான்… சீ! உன்னைப் பார், வாயைத் திறக்கிறாய், மூடுறாய், திறக்கிறாய், மூடுறாய். அவன்ரை வாசல்லை நானும் உப்பிடித்தான் நிக்கப்போறன்.