ஒரே கேமரா, ரெண்டு மைக்

ஜாய்ஸ்: ...மூணு மணிநேரமா மாடியில என்னதான் பேசுறாக?

ஈஸ்வரபாண்டி: பேச்சு பத்து நிமிசத்துல முடிஞ்சுருச்சு. இப்ப பிரியாணி ஓடுது.

ஜாய்ஸ்: உங்க சுருளி டிவி முதலாளியும் எங்க சாரல் டிவி முதலாளியும் ஒரே மேசையில... போன தீபாவளிக்கு எங்க கேபிள் வயர உங்காளு அறுத்தாருன்னு போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போனாக.

ஈஸ்வரபாண்டி: அந்தக் கேசு இன்னும் நடக்குது. கேசுக்கும் பிரியாணிக்கும் சம்பந்தம் இல்லையாம்.

ஜாய்ஸ்: சரி, நீ கேள்விப்பட்டத மறுபடி சொல்லு. நிதானமா சொல்லு.

ஈஸ்வரபாண்டி: தேனியில லோக்கல் சேனலு ரெண்டு. பாக்குற சனம் கொறஞ்சுபோச்சு. செலவக் கொறைக்கணும். இனிமே எங்கன போனாலும் ஒரே கேமரா போகும், ரெண்டு மைக் போகும். எடுத்த படத்த ரெண்டு சேனலும் பங்கு போட்டுக்கிரும்.

ஜாய்ஸ்: ஒரே கேமரான்னா ஒரே ஆளு.

ஈஸ்வரபாண்டி: ஆமா.

ஜாய்ஸ்: சாரல்ல கேமரா நானு. சுருளியில கேமரா நீயி.

ஈஸ்வரபாண்டி: கணக்கு சரியாத்தான் வருது.

ஜாய்ஸ்: சிரிக்காத.

ஈஸ்வரபாண்டி: சிரிக்கல. மூஞ்சியே இப்பிடித்தான்.

ஜாய்ஸ்: எனக்கு வேல போச்சுன்னா போடியில எங்கப்பா ஏலக்காக் கடையில உக்காரணும் பாண்டி. உக்காந்த மறுநாளே மாப்பிள வீட்டுக்காரக வந்து நிப்பாக. ஒருத்தரு இப்பவே ரெடியா இருக்காரு. நாகர்கோயில்ல பேங்குல வேல. போட்டோவுல கூட டை கட்டியிருக்காரு.

ஈஸ்வரபாண்டி: ...டை நல்லா இருந்துச்சா?

ஜாய்ஸ்: ஃபோகஸ் இல்ல.

ஈஸ்வரபாண்டி: அப்ப வேணாம்.

ஜாய்ஸ்: யார வச்சுக்கிறது, யார அனுப்புறதுன்னு எத வச்சு முடிவு பண்ணுவாக?

ஈஸ்வரபாண்டி: ரெண்டு சேனல் படத்தையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டுப் பாக்குறாக. குச்சனூர் கோயில் கூட்டம், கலெக்டர் ஆபீசு மனு, மேகமல ரோட்டுல உருண்ட பாறை... எல்லாத்தையும்.

ஜாய்ஸ்: எப்ப எடுத்த படம்?

ஈஸ்வரபாண்டி: தை மாசத்துல இருந்து எடுத்தது.

ஜாய்ஸ்: ...தையில இருந்தா.

ஈஸ்வரபாண்டி: அதத்தான் நானும் காலையில இருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஜாய்ஸ்: தையிலதான நீ சின்னமனூரு தாண்டி மேகமல ஏறுறப்ப வண்டியோட விழுந்த.

ஈஸ்வரபாண்டி: வண்டிதான் விழுந்துச்சு. நான் கூடப் போனேன்.

ஜாய்ஸ்: வலது தோளுல காறை எலும்பு ரெண்டாப் போச்சு. அன்னையில இருந்து உன் படத்தையும் நான்தான எடுத்துக்கிட்டு இருக்கேன்.

ஈஸ்வரபாண்டி: மெதுவாப் பேசு. இந்த மாடிப்படி வழியாத்தான் எல்லாரும் போறாக.

ஜாய்ஸ்: உன் கேமராவுல ஒரு தடவ, என் கேமராவுல ஒரு தடவ. நீ இடது கையில ரெண்டு மைக்கையும் புடிச்சுக்கிட்டு, கோயில்ல தேங்கா ஒடைக்க வரிசையில நிக்கிறவன் மாதிரி நிப்ப.

ஈஸ்வரபாண்டி: பேட்டி குடுக்குறவுகளையும் ரெண்டு தடவ பேச வச்சோம்ல. மார்க்கெட்டுல அந்தத் தக்காளி யாவாரி... மொதத் தடவ கிலோ இருபதுன்னாரு. ரெண்டாந் தடவ இருபத்தஞ்சுன்னாரு.

ஜாய்ஸ்: அன்னைக்கு ரெண்டு சேனல்லயும் ரெண்டு வெல.

ஈஸ்வரபாண்டி: அதுதான் போட்டி. போட்டின்னா சனத்துக்கு நல்லதுன்னு சொல்லுவாக.

ஜாய்ஸ்: விளையாட்டு போதும். உங்க சேனல்ல பத்து நாளு லீவு போட்டா வேற ஆள வச்சிருவாகன்னுதான் இத ஆரம்பிச்சோம். இப்பிடி வந்து நிக்கும்னு யாரு கண்டா.

ஈஸ்வரபாண்டி: இதுல பயப்பட ஒண்ணும் இல்ல. ரெண்டு படமும் நீ எடுத்தது. ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கும். ஏய், ஏன் அங்கிட்டுப் பாக்குற? ஒரே மாதிரிதான இருக்கும்?

ஜாய்ஸ்: உன்னோடது கொஞ்சம் நல்லா இருக்கும்.

ஈஸ்வரபாண்டி: கொஞ்சம்னா?

ஜாய்ஸ்: ரொம்ப.

ஈஸ்வரபாண்டி: அதெப்பிடி?

ஜாய்ஸ்: முன்னால எடம் கெடைக்கிறப்ப, வெளிச்சம் மூஞ்சியில விழுறப்ப, உன் கேமராவத்தான் மொதல்ல தூக்குவேன். என் கேமராவ எடுக்குறதுக்குள்ள பாதிப் பேரு வடைக்குப் போயிருப்பாக.

ஈஸ்வரபாண்டி: ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?

ஜாய்ஸ்: உன் படம் ஆடுனா உங்காளு ஏன் ஆடுதுன்னு கேப்பாரு. கேட்டா தோளு தெரிஞ்சுரும். என் படம் ஆடுனா எங்காளு நெலநடுக்கம்னு நியூஸ் போடுவாரே தவிர என்னையக் கேக்கமாட்டாரு.

ஈஸ்வரபாண்டி: எந்திரி. எங்க முதலாளி ராஜமணி அண்ணே இறங்கி வாராரு.

ஜாய்ஸ்: நீ ஒண்ணும் பேசாத. சத்தியமா ஒண்ணும் பேசாத.

ராஜமணி: ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கீகளா.

ஈஸ்வரபாண்டி: ஆமாண்ணே. சாப்பிட்டீகளா?

ராஜமணி: ஆச்சு. கறிதான் சரியா வேகல. ஒப்பந்தம் வெந்துருச்சு. நாளையில இருந்து ரெண்டு சேனலுக்கும் ஒரே படம். ரெண்டுலயும் மேல ‘பிரத்யேகக் காட்சி’ன்னு எழுத்து ஓடும்.

ஜாய்ஸ்: ரெண்டுலயும் ஒரே படம் ஓடுனா எப்பிடிண்ணே பிரத்யேகம்?

ராஜமணி: ஒருத்தன் ஒரே நேரத்துல ரெண்டு சேனலப் பாப்பானாம்மா? ஒண்ணையே பாக்கமாட்டேங்குறான்.

ஜாய்ஸ்: அதுவும் சரிதான்.

ராஜமணி: இப்ப ஆளு விசயம். ஒங்க முதலாளி விஜய்ராஜே வாயத் தொறந்து ஒத்துக்கிட்டாரு. சுருளி படம் கல்லு மாதிரி நிக்குது. சாரல் படத்துல பாதி கலெக்டரு, பாதி தூணு. அதனால தம்பி இருக்கட்டும். நீ மனசுல வச்சுக்காதம்மா. ஒங்கப்பாவுக்குக் கட இருக்கு, நீ ஒண்ணும் தெருவுல நிக்கப்போறதில்ல.

ஜாய்ஸ்: ...சரிண்ணே.

ஈஸ்வரபாண்டி: அண்ணே, அந்தப் படம் நான் எடுக்கல.

ஜாய்ஸ்: காலையில இருந்து சாப்பிடலண்ணே. பசியில பேசுறான்.

ஈஸ்வரபாண்டி: தையில வண்டியில விழுந்து காறை எலும்பு ஒடஞ்சுபோச்சு. அன்னையில இருந்து நான் கேமராவத் தொடவே இல்ல. கல்லும் அவ எடுத்ததுதான், தூணும் அவ எடுத்ததுதான்.

ராஜமணி: ...ரெண்டும் இந்தப் புள்ளையா?

ஈஸ்வரபாண்டி: ஆமாண்ணே.

ராஜமணி: அப்ப அஞ்சு மாசமா ரெண்டு சேனலுக்கும் ஒரே ஆளுதான் எடுத்திருக்கு.

ஈஸ்வரபாண்டி: ஆமாண்ணே.

ராஜமணி: அதத்தாண்டா நாங்க மூணு மணிநேரம் மண்டையப் போட்டு ஒடச்சுக் கண்டுபுடிச்சோம்.

ஈஸ்வரபாண்டி: நாங்க பிரியாணி இல்லாமக் கண்டுபுடிச்சோம்ணே.

ராஜமணி: வாயி. வாயில மட்டும் ஒடையல. எங்க, அந்தக் கையத் தூக்கு பாப்போம்.

ஈஸ்வரபாண்டி: இம்புட்டுத்தாண்ணே... ஆ... இதுக்கு மேல முடியல.

ராஜமணி: சரி சரி, எறக்கு. கேமராவத் தூக்காத கேமராக்காரன வச்சு நான் என்ன செய்ய? ஏம்மா, நாளைக்குக் காலையில மார்க்கெட்டுக்கு நீ போ. தக்காளி வெலய ஒரு தடவ மட்டும் கேளு. தம்பி, கேமராவ மாடியில குடுத்துட்டுப் போ.

ஈஸ்வரபாண்டி: சரிண்ணே.

ராஜமணி: இந்த அஞ்சு மாசக் கத வெளிய தெரியவேணாம். இத நானும் விஜய்ராஜும் இன்னைக்குத்தான் கண்டுபுடிச்சோம். ஜெயிச்சது அவரு ஆளுன்னு வேற போயிச் சொல்லணும்... மனுசன் ஒரு வாரத்துக்கு மீசையில இருந்து கையை எடுக்கமாட்டாரு.

ஜாய்ஸ்: ...போயிட்டாரா?

ஈஸ்வரபாண்டி: போயிட்டாரு.

ஜாய்ஸ்: பேசாதன்னு சொன்னேன்ல.

ஈஸ்வரபாண்டி: கொஞ்சமாத்தான பேசுனேன்.

ஜாய்ஸ்: ஒனக்கு இத விட்டா வேற என்ன இருக்கு?

ஈஸ்வரபாண்டி: ஏன், கூடலூர்ல சித்தப்பா வாழத்தோட்டம் போட்டிருக்காரு. ஆளு கெடைக்கலன்னு பொலம்பிக்கிட்டே இருக்காரு. போயித் தாரு சொமக்கவேண்டியதுதான்.

ஜாய்ஸ்: தாரு சொமக்கப் போற.

ஈஸ்வரபாண்டி: ஆமா.

ஜாய்ஸ்: எந்தத் தோளுல?

ஈஸ்வரபாண்டி: ...இடதுல.

ஜாய்ஸ்: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

ஈஸ்வரபாண்டி: சரி, சொல்லிர்றேன். எலும்பு சித்திரையிலயே கூடிருச்சு. இனி கேமராவத் தூக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. கேமரா என்ன, கேமராக்காரரையே தூக்கலாம்னாரு.

ஜாய்ஸ்: இப்ப அவர்கிட்ட ஆ ஊன்னது?

ஈஸ்வரபாண்டி: நடிப்பு. கைய முழுசாத் தூக்குனா உன்னையப் போடிக்கு அனுப்பிருவாக.

ஜாய்ஸ்: அது இன்னைக்கு. சித்திரையில இருந்து ஏன் சொல்லல?

ஈஸ்வரபாண்டி: சொன்னா... நீ உன் கேமராவத் தூக்கிக்கிட்டு எதுத்த பக்கம் போயி நின்னுக்கிருவ. போட்டி சேனல்ல. பக்கத்துல நிக்கக்கூடாதுல்ல.

ஜாய்ஸ்: பக்கத்துல நிக்கிறதுக்காக ரெண்டு மாசம் என்னைய ரெண்டு கேமரா சொமக்க விட்ட.

ஈஸ்வரபாண்டி: மைக்க நான் புடிச்சேன்ல. சரி, திட்டிரு. ரெண்டு சேனலுக்கும் சேத்து ஒரே தடவையாத் திட்டிரு.

ஜாய்ஸ்: வீரபாண்டித் திருவிழாவுக்குத் தோளு வலின்னு நீ வரல. நான் தேர எடுத்துக்கிட்டு இருக்கேன். கூட்டத்துல ஒருத்தன் அவுக அக்கா மகளத் தூக்கி வலது தோளுல வச்சுக்கிட்டு, அங்கன பாரு தேரு, அங்கன பாருன்னு குதிக்கிறான். பதினோரு செகண்டு. ஆட்டமே இல்ல, நல்ல வெளிச்சம்.

ஈஸ்வரபாண்டி: ...அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு கேமராவையும் சொமந்த? ஏய்... அந்தப் பதினோரு செகண்டு எந்தச் சேனல்ல போச்சு? ஒங்கதுலயா, எங்கதுலயா?

ஜாய்ஸ்: ரெண்டுலயும் போகல. என் போன்ல இருக்கு. ஒப்பந்தம் என்னவும் போட்டுக்கிரட்டும்... அத மட்டும் நான் யாரு கூடயும் பங்கு போடமாட்டேன்.