பத்து நிமிஷ வீட்டுப்பாடம்

இல்ல மேடம், நின்னுக்கிட்டே சொல்லிடறேன். உக்காந்தா பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவேன்... சரி, உக்காந்துட்டேன். ஸ்கூல் கவுன்சலிங்ல எனக்கு முறை வியாழக்கிழமைதான், தெரியும். நீங்க குடுத்த வீட்டுப்பாடத்தைப் பத்தித்தான் வந்தேன்.

தினம் பத்து நிமிஷம் பொண்ணு பேசணும், அப்பன் வாயத் திறக்கக்கூடாது. அறிவுரை, உதாரணம், திருத்தம் எதுவும் கூடாது. யாருகிட்ட சொல்றீங்க? இருபத்திமூணு வருஷமா காலேஜ்ல வரலாறு நடத்தி, வாயை வித்துச் சோறு திங்கறவன்கிட்ட! பொண்ணு கிளாஸ்ல யாரோடயும் பேசறதில்லன்னு டீச்சர் சொன்னப்பவே நினைச்சேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. எங்க வீட்டுல வாய் முழுக்க அப்பனுக்கே போயிடுச்சு.

முதல் நாள் மேசை மேல அலாரத்தை வெச்சோம். நாப்பதே செகண்டுதான் தாங்கினேன். ஏழாங்கிளாஸுக்கு லீடர் தேர்தல்னு அவ ஆரம்பிச்சா. தேர்தல்னா என்னன்னு நான் ஆரம்பிச்சேன். அலாரம் அடிக்கும்போது நான் கிரேக்கத்துல இருந்தேன், அவ தூங்கிட்டிருந்தா.

ரெண்டாம் நாள் பேசல. குறிப்பெடுத்தேன்... சிரிக்காதீங்க மேடம். அப்பா, இது பரீட்சைக்கு வருமான்னு கேட்டா.

மூணாம் நாள் வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டேன். இந்த யோசனை கல்யாணமான புதுசுலயே தோணியிருக்கக்கூடாதான்னா அவ அம்மா. நாலாம் நாளும் தண்ணிதான். முழுங்கிட்டுப் பேசிட்டேன்.

நேத்துதான் சத்தியமா ஒரு வார்த்தை பேசல. அவளும் பேசல. வராத பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி ரெண்டு பேரும் அலாரத்தையே பாத்துக்கிட்டிருந்தோம். எட்டு நிமிஷம்.

உங்க ஃபாரத்துல, பிள்ளை நல்லா சாப்பிடுதான்னு ஒரு கேள்வி இருந்துச்சே? கட்டம் பத்தாம ஓரத்துலயும் எழுதியிருந்தேன். மதிய டப்பா தினமும் துடைச்சு வெச்ச மாதிரி காலியா வருது, சமையல் அடியேன்னு. எவ்வளவு பெருமை பாருங்க!

டப்பா காலியாத்தான் வருது, அது நிஜம். ஒன்பதாவது நிமிஷம் சொன்னா. பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, நின்னுக்கிட்டே சாப்பிடறாளாம். இவ போய் உக்காந்தா மத்த பிள்ளைங்க எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிடுதுங்களாம். ஸ்கூல் திறந்ததுலேருந்தே.

அப்ப பாத்து அலாரம் அடிச்சிடுச்சு. டைம் முடிஞ்சிடுச்சுப்பான்னா.

இல்ல மேடம், நான் எதுவும் சொல்லல. அலாரத்தை எடுத்து இன்னொரு பத்து நிமிஷம் திருகி வெச்சேன். அவ்வளவுதான் செஞ்சேன்.

சாப்பாட்டு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கில்ல? அந்த ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடக்குதே, மதியத்துல அது சும்மாதான் இருக்குமா? இங்க வந்து சாப்பிடறியான்னு அவகிட்ட கேட்டுட்டேன், தலையாட்டினா.

அய்யோ, நான் வரல மேடம். நான் வந்தா பேசிடுவேன்.