சந்தனம் பூசிய சைரன் பெட்டி

பெயர் பவானேஸ்வரி த/பெ சாமிநாதன். வயது பதினாறு, படிவம் நான்கு மாணவி. முகவரி, வீட்டு எண் 27, தோட்டத்துப் பழைய குடியிருப்பு, செலண்டார், ஜாசின். என் அப்பா ஆயர் குரோவில் உள்ள தனியார் கல்லூரியில் வேன் ஓட்டுகிறார். என் அக்கா அகல்யா, வயது இருபது, அதே கல்லூரியில் படித்து அங்குள்ள விடுதியில் தங்கியிருந்தாள்.

கடந்த வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் காவல்துறை சார்ஜன் நளினி அப்பாவிடம் வாக்குமூலம் வாங்கினார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது பொய். அப்பா தூங்கிய பிறகு குளியலறை விளக்கில் இதை எழுதுகிறேன். அவருக்குத் தெரிந்தால் கிழித்துவிடுவார். நாளை பள்ளிக்குப் போகாமல் பேருந்தில் ஆயர் குரோ காவல் நிலையத்துக்கு வந்து சார்ஜன் கையிலேயே கொடுப்பேன்.

கல்லூரியின் பாதுகாப்பு அதிகாரி ஹரிதாஸ். அவர் முழுப்பெயர் ஹரிதாஸ் த/பெ முனியாண்டி. இந்தப் பெயரைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக அப்பாவின் வேலைக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு அக்டோபர் ஒன்றாம் தேதி கல்லூரிப் பட்டறையில் ஆயுத பூஜை நடந்தது. சாம்பிராணிப் புகை பட்டு, கல்லூரி, விடுதி முழுவதும் கேட்கும் அபாய சைரன் அலறியிருக்கிறது. உடனே ஹரிதாஸ் சைரன் பெட்டியில் சாவியைத் திருப்பி ஒலியை நிறுத்தினார், அதன் பிறகு சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அதன் பிறகு மற்ற இயந்திரங்களுக்குப் பூசியது போல அந்தப் பெட்டிக்கும் சந்தனம் பூசி குங்குமம் வைத்தார். இதை நான் நேரில் பார்க்கவில்லை. காணொளியில் பார்த்தேன். அதை எடுக்கச் சொல்லி, கல்லூரியின் அவசர அறிவிப்பு வாட்சப் குழுவில் போட்டவரே ஹரிதாஸ்தான். அதில் அவர் பெட்டியைத் தட்டி, "சாம்பிராணிக்கே இந்தக் கத்து கத்துறியே, கொஞ்ச நேரம் சும்மா இரு லா" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு மாணவர், "சார், திரும்ப ஆன் பண்ண மறந்துறாதீங்க" என்கிறார். "சேஃப்டி ஆபிசருக்கே சேஃப்டி சொல்லித் தரியாடா?" என்று ஹரிதாஸ் கேட்கிறார். அதோடு காணொளி முடிகிறது.

அதன் பிறகு சைரன் ஒலிக்கவே இல்லை. அறிவிப்பு எல்லாம் அந்த வாட்சப் குழுவில் மட்டும்தான். அதே குழுவில் ஹரிதாஸ் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு முருகன் படத்தோடு காலை வணக்கம் போடுவார். வெள்ளிக்கிழமை அம்மன் படம். இயக்குநரின் பிறந்தநாளுக்கு மட்டும் பதினொரு கேக் படங்கள். அக்காவின் தோழிகள் எல்லாரும் அந்தக் குழுவின் ஒலியை நிறுத்திவிட்டார்கள்.

இந்த ஆண்டு பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, கல்லூரிக்குப் பின்னால் உள்ள ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா வாயு கசிந்தது. ஹரிதாஸ் பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் குழுவில் எல்லாரும் வெளியேறும்படி ஒரு வரி போட்டார். வகுப்பில் இருந்தவர்களை விரிவுரையாளர்கள் கத்தி வெளியே அனுப்பினார்கள். அக்கா காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு, போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, விடுதி அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பதுக்குத் தீயணைப்புப் படையினர் அவளைத் தூக்கி வந்தார்கள்.

அதன் பிறகு மருத்துவமனை வராந்தாவில் கல்லூரிக் காவலாளி அப்புசாமி மாமா என்னிடம் அழுதார். "பாப்பா, நான் ஓடிப் போயி பெட்டியத் தொறக்கப் பாத்தேன். சாவி இல்ல. சாவி ஓட்டையில சந்தனம் காஞ்சு அடைச்சுக் கெடக்கு. கையாலயே குத்துனேன் மா." அவர் விரல் மூட்டுகளில் கட்டு போட்டிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று ஹரிதாஸ் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

அதன் பிறகு ஹரிதாஸ் இரண்டு மைலோ டின்களோடு வந்தார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "சாமி அண்ணே, மெசேஜ் போட்டாச்சு, டைம் இருக்கு. ஒங்க பொண்ணு சைலண்ட்ல போட்டுட்டு தூங்கியிருக்கு. அத மட்டும் போலிஸ்கிட்ட சொல்லிருங்க. வேன் சாவி ஒங்க கையிலயே இருக்கும் லா" என்றார். அப்பா அப்படியே சொன்னார்.

அக்காவுக்குத் தொண்டையும் நுரையீரலும் வெந்துவிட்டன. பேச முடியாது. நேற்று ஒரு தாளில், "நான் சைலண்ட்ல போடல" என்று எழுதி அப்பாவிடம் காட்டினாள். அப்பா, "போன்ல அப்படித்தானே இருக்கு, பொய் சொல்லாத மா" என்றார். அவள் அதே வரியின் கீழே மூன்று முறை கோடு போட்டாள். பேனா தாளைக் கிழித்தது.

ஹரிதாஸ் எல்லாரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். ஆனால் பழைய செய்திகள் அக்காவின் போனில் அப்படியே இருக்கின்றன. காணொளியும் இருக்கிறது. போனை இதோடு தருகிறேன். அவர் அந்தக் காணொளியை நீதிமன்றத்தில், தன் மனைவி பிள்ளைகள் பார்க்க, முழு ஒலியில் பார்க்க வேண்டும். "சும்மா இரு லா" என்ற இடத்தில் நிறுத்தி, திரும்பப் போட வேண்டும். அவர் வேலையை இழந்தால் போதாது. சிறைக்குப் போக வேண்டும். அங்கே தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவருக்கு அக்காவின் முகம் ஞாபகம் வர வேண்டும்.

இன்னும் ஒன்று உள்ளது. அதைச் சொல்லாவிட்டால் மேலே எழுதியதை யாரும் நம்ப மாட்டார்கள்.

டிசம்பர் விடுமுறையில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். நாங்கள் ஒரே மெத்தையில் படுப்போம். தினமும் ஐந்தே முக்காலுக்கு அந்தப் போன் என் காதருகே அடிக்கும். குழுவின் ஒலியை நிறுத்தச் சொன்னேன். "எமர்ஜென்சி குரூப் டீ, மூடக் கூடாது. நாளைக்கு ஏதாச்சும்னா?" என்றாள். அதன் பிறகு ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது நான் அவள் போனை எடுத்து, அந்தக் குழுவின் ஒலியை நிறுத்தினேன். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும், இந்த மூன்றில் எது என்று போன் கேட்டது. எப்போதும் என்பதை அழுத்தினேன். அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அக்கா பொய் சொல்லவில்லை. எனக்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். ஆனால் சைரன் ஒலித்திருந்தால் நான் செய்தது ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே குற்றம் செய்தவர்கள் பட்டியலில் அவர் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் எழுத வேண்டும்.

இதில் உள்ளது நான் பார்த்ததும், கேட்டதும், செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. படித்துப் பார்த்தேன், ஒரு வரியையும் அடிக்கவில்லை. முதல் பிரதி அக்காவுக்கு. நாளைக் காலை பேருந்து ஏறுவதற்கு முன் உறையில் போட்டு ஒட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி அம்மாவிடம் கொடுப்பேன். இது இரண்டாவது பிரதி.

ஒப்பம்,
சா. பவானேஸ்வரி