சோத்துக்கை

அன்று மழை பெய்ததாகவே நினைவு. பெய்யாமலும் இருந்திருக்கலாம். பதினான்கு வருடம் ஜன்னல் இல்லாத அறையில் வேலை பார்த்தவனுக்கு, வெளியே மழையா வெயிலா என்பது யாராவது சொல்லித்தான் தெரியும். ஆகவே நாள், கிழமை எதையும் அடித்துச் சொல்லமாட்டேன். மற்றதெல்லாம் சரியாகச் சொல்லிவிடுவேன்.

நான் பிணவறையில் எழுத்தராக இருந்தேன். பெயர் தெரியாமல் வரும் உடல்களுக்கு அங்க அடையாளம் குறித்துவைப்பது என் வேலை. உடலைக் கழுவுகிறவர் பார்த்துச் சொல்லுவார். நான் மேசையில் எழுதுவேன். அவருக்கு வாய் ஓயாது. அதனாலேயே பூட்டு என்று பட்டப்பெயர். புதிதாக வரும் எழுத்தர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். எதிரே நின்று பார்த்துவிட்டு, தங்களுக்கு இடப்பக்கம் தெரிவதை இடது என்று எழுதிவிடுவார்கள். செத்தவரின் பக்கத்திலிருந்து எழுதவேண்டும். அதற்காகவே பூட்டு வலது, இடது என்று சொல்லமாட்டார். சோத்துக்கை, மத்த கை, அவ்வளவுதான்.

கால்வாயில் மிதந்த ஆணுடல் ஒன்று வந்தது. நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்ததால் முகம் முகமாக இல்லை.

"சோத்துக்கையில பழைய தீக்காயம். முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும்," என்றார் பூட்டு. "எழுதுறீங்களா சார், இல்ல நீங்களும் படுத்துட்டீங்களா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயதில் என்மேல் கவிழ இருந்த வெந்நீர்ப் பானையை, ஐந்து வயதுத் தம்பி கைகொடுத்துத் தடுத்தபோது பட்ட காயம் அது. திரும்பி வந்து இடது கை என்று எழுதினேன். வயது முப்பத்தொன்று; ஐம்பது என்று எழுதினேன். சட்டைப்பையில் நூல்துண்டு ஒன்று இருந்தது, முடிச்சு போட்டு. அதை எழுதவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் எழுத்தர் என்று சொல்லியிருந்தோம். அதில் பொய் எதுவும் இல்லை. தம்பி தனியாகப் போய் மீதியையும் சொல்லிவிட்டு வந்தான். "மறைச்சுக் கட்டிக்கிட்டா நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்துல எப்படிண்ணே முழிப்பே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சில மாதங்களில் அவளை அவனே கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றது நான்.

அவனைக் காணவில்லை என்று அவள் தேடி வந்தாள். அவள் கொடுத்த படிவத்தில் வலது கை என்று இருந்தது. பதிவேட்டை அவள் பக்கமே திருப்பி வைத்தேன். கால்வாயில் கிடந்த ஆண், இடது கையில் தீக்காயம், ஐம்பது வயது. விரல் வைத்துப் படித்துவிட்டு மூச்சுவிட்டாள்.

"நீங்க இங்க இருக்கறதே தைரியமா இருக்கு மாமா. உங்க கண்ணுல படாம அவரு இங்க வந்துட முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

உடலை எண் போட்டுப் புதைத்தார்கள். அவள் வாரம் ஒருமுறை வந்தாள். தேநீர் வாங்கித் தருவேன். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டோம். அந்த மௌனம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் ஒருத்தியைக் காத்திருக்கவே விடுவது கொடுமை என்று பட்டது. அதனால், வேறொரு பெண்ணோடு அவனைப் பேருந்து நிலையத்தில் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்றேன். அன்று அவள் அழவில்லை. அடுத்த வாரம் வந்து, அவன் சட்டைகளையெல்லாம் எரித்துவிட்டதாகச் சொன்னாள்.

"எனக்குத் துரோகம் பண்ணிட்டாரு மாமா."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கு ஏழு வருடம் ஆனது.

அதன்பிறகு ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். "பிள்ளைக்குச் செருப்பு வாங்கிட்டு வரேன்னுதான் போனாரு. பாதத்தை அளந்துகூட எடுத்துட்டுப் போனாரு. என்ன நடிப்பு!"

"நூல்ல ஒரு முடிச்சு போடறதுக்கு என்னம்மா," என்றேன். "அதை வச்சு ஆளை நம்பிட முடியுமா?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நூல்னு நான் சொல்லலையே மாமா."

அவள் எழுந்து கதவருகே போய்ப் பூட்டைக் கூப்பிட்டாள். கால்வாயில் கிடந்த ஆளுக்குத் தீக்காயம் எந்தக் கையில் என்று கேட்டாள்.

"சோத்துக்கைதாம்மா. இவருகிட்ட அப்பவே சத்தமா சொன்னேனே."

விசாரணையில், கைத்தவறாக எழுதிவிட்டீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றிருந்தால் வேலை மட்டும் போயிருக்கும். பதினான்கு வருடத்தில் நான் அந்தத் தப்பை ஒருமுறைகூடச் செய்ததில்லை. யாரென்று தெரிந்துதான் எழுதினேன் என்றேன்.

புதைத்த இடத்தில் எண்ணை எடுத்துவிட்டுத் தம்பியின் பெயரை வைத்தார்கள். பூட்டு இப்போது வேறொருவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் பிள்ளையோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மூன்று வருடச் சிறை. மாதம் இருமுறை பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுகிறார்கள். அவள் இன்னும் வரவில்லை. பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுத்தானே வரவேண்டும்.